ஆரணிக்கு ஒரு பழைய மாதிரிச் சட்டை

"தொடாம அளவெடுங்க ஆன்ட்டி. ப்ளீஸ்."

ஆரணி வீட்டு ஹோலின் நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்றாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, கண்களை இறுக்கி மூடி, ஊசி போடக் காத்திருக்கும் பிள்ளையைப் போல நின்றாள். நான் அளவு நாடாவோடு கீழே முழந்தாளில் இருந்தேன். யன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று கடற்கரைப் பக்கமாகப் போனது. அது போய் முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை, கதைத்தாலும் கேட்காது. நல்லதாய்ப் போயிற்று என்று அந்த நேரத்தில் யோசித்தேன். ஒரு பிள்ளையைத் தொடாமல் எப்படி அளப்பது?

"சரி, இந்த நுனியை நீங்களே பிடியுங்கோ" என்றேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து, நாடாவின் நுனியை வாங்கித் தன் தோளில் வைத்து அழுத்திக்கொண்டாள். மற்ற நுனி என் கையில். அப்படியே இடுப்பு, கை, உயரம் எல்லாம் எடுத்தோம். எடுத்த அளவு அத்தனையும் பிழை. பிறகு அவள் நித்திரையான நேரம், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய சட்டை ஒன்றை எடுத்து, பேப்பரில் விரித்து, பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டேன்.

போன வாரம் எங்கள் பதிவுக் கலியாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வாசித்தவர்களில் இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "பிள்ளை உங்களோடு ஒட்டிவிட்டாளா?" அதை ஒரு வரியில் சொல்ல முடியாது. அதனால் இந்தச் சட்டைக் கதையைச் சொல்கிறேன்.

மிக நல்ல பிள்ளை

ஆரணி என் கணவரின் மகள். அவளைப் பெற்றவர் நிரோஷினி. ஆரணிக்கு மூன்று வயதாக இருக்கும்போது டெங்குக் காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வருசத்துக்கு மேல் ஆரணியைக் கொட்டாஞ்சேனையில் வைத்து வளர்த்தது நிரோஷினியின் அக்கா, ஜெசிந்தா. என் கணவர் சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம்.

எங்கள் கலியாணம் முடிந்ததும் பிள்ளையை வெள்ளவத்தைக்குக் கூட்டி வந்தோம். ஜெசிந்தா அக்கா கலியாணத்துக்கு வரவில்லை. பிள்ளையைக் கூட்டிவர இவர் போன நாளில், உடுப்புகளை இரண்டு பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டு, தான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். அதற்குப் பிறகு எங்களோடு பேச்சில்லை. அதுவரை நான் அவரை நேரில் கண்டதும் இல்லை.

ஆரணி என்னோடு கோபமாக இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கொடுத்ததைச் சாப்பிடுவாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்பாள். பாலைச் சிந்திவிட்டால் துணி கொண்டுவந்து தானே துடைப்பாள். தலை வாரி இழுக்க, குளிக்கவார்க்க, சப்பாத்துப் போட, எதற்கும் என் கை அவள்மேல் படக்கூடாது. இவர் வேலையால் வரும்வரை பொறுத்திருப்பாள். ஹோட்டலில் தங்க வந்தவர்கள் அறையைச் சுத்தமாக வைத்திருப்பார்களே, அப்படி எங்கள் வீட்டில் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே ஒரு பழைய அல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மடியில் அல்ல, மடிக்குப் பக்கத்தில். திறந்திருந்த பக்கத்தில் ஒரு படம். இரும்புக் கேற் ஒன்றைப் பிடித்தபடி ஐந்து வயது மதிக்கத்தக்க பிள்ளை. தோளை மூடிய வட்டக் கொலர், உப்பிய கை, இடுப்பில் அகலமான பட்டி, முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடைப் பகுதி.

"இது எங்கட அம்மா" என்றாள். "இந்தச் சட்டை எனக்கு வேணும்."

அவள் என்னிடம் ஏதாவது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

காலி வீதியில் இல்லாத சட்டை

கடையில் வாங்கலாம் என்றார் இவர். அன்றைக்குப் பின்னேரமே மூன்று பேருமாகக் கடைகள் நிறைந்த காலி வீதியில் இறங்கினோம். வெள்ளவத்தையில் தொடங்கி பம்பலப்பிட்டி வரைக்கும் போனோம். எந்தக் கடையிலும் வலைத்துணி, மினுக்கம், நெஞ்சில் ஒற்றைக்கொம்புக் குதிரை. ஒரு கடையில் நின்ற பெண்பிள்ளைக்கு என் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "இது இப்ப வாறேல்ல மிஸ். இது அந்தக் காலத்துச் சட்டை" என்றாள்.  ஆரணி வீட்டுக்கு வரும்வரை நடைபாதையின் கோடுகளை மிதிக்காமல் நடந்தாள்.

எனக்குத் தைக்கத் தெரியும் என்று சொன்னால் பொய். ஊரடங்கு நாட்களில் முகக்கவசம் தைப்பதற்காக ஒரு சின்ன மெசின் வாங்கினேன். அதில் நேர்த்தையல் ஓடும். பிறகு தலையணை உறை. அவ்வளவுதான்.

சட்டை என்றால் எனக்கு ஞாபகம் வருவது வேறு. நாங்கள் மூன்று பெண்பிள்ளைகள். எங்கள் அம்மா தீபாவளிக்கு ஒரே துணியை ஒரே கட்டாக வாங்குவார். மூன்று பேருக்கும் ஒரே பூ, ஒரே மாதிரி. மிச்சத்தில் யன்னல் திரைச்சேலையும் தைத்துவிடுவார். ஒரு தீபாவளிப் படத்தில் நாங்கள் மூவரும் யன்னலுக்கு முன்னால் நிற்கிறோம். முகம் மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் சுவரோடு போய்விட்டது. அந்தப் படத்தைப் பார்த்து நானும் தங்கைமாரும் இன்றைக்கும் சிரிப்போம். எனக்கென்று தனியாக ஒரு சட்டையை ஆசைப்பட்டுக் கேட்ட ஞாபகமே எனக்கு இல்லை. கேட்கலாம் என்றே தெரியாது. ஒருவேளை அதனால்தான் அந்தப் பிள்ளை கேட்டதும் எனக்கு அப்படி ஒரு வேகம் வந்ததோ என்னவோ.

"நான் தைக்கிறன்" என்றேன். இவர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உம்மால ஏலுமே?"

"ஏலாட்டிலும் தைக்கிறன்."

ரோஸ் துணி

அந்தப் படம் பழசாகிச் சிவந்து போயிருந்தது. கேற், வானம், பிள்ளையின் முகம் எல்லாமே செம்மஞ்சள். சட்டை வெளிர் ரோஸ் என்று முடிவு கட்டி, ஒஃபீஸ் முடிந்து புறக்கோட்டைக்குப் போய் ரோஸ் கொட்டன் வாங்கி வந்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் நேரத்தில்தான் தையல். வெள்ளைக்காரப் பெண்கள் போடும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கொலர் வட்டமாக வருவதற்கு உள்ளே குட்டிக் குட்டி வெட்டுப் போடவேண்டும் என்று தெரியாமல் இரண்டு கொலரைக் குப்பையில் போட்டேன். உப்பவேண்டிய கை உப்பாமல் தொங்கியது. பிரித்தேன். தோளின் உட்பக்கத்தில் சின்னத் துண்டு வலைத்துணியைச் சுருக்கி வைத்தால் கை நிமிரும் என்று ஒரு வீடியோவில் கண்டுபிடித்தபோது, சமையலறையிலிருந்த இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு வந்து பார்த்துவிட்டு, "பறக்கப் போற மாதிரி இருக்கு" என்றார்.

ஆரணி முதலில் கதவு நிலையில் நின்று பார்த்தாள். பிறகு சோபாவின் கைப்பிடிக்கு வந்தாள். பிறகு நிலத்துக்கு. விழுந்த குண்டூசிகளை ஒரு காந்தத்தால் பொறுக்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். மெசின் நின்றால் அண்ணாந்து பார்ப்பாள். ஓடத் தொடங்கினால் குனிந்துகொள்வாள். பெரிதாக ஒன்றும் கதைக்கமாட்டோம். ஆனால் அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதற்காக நான் மெதுவாகத் தைத்த நாட்களும் உண்டு.

சட்டை முடிந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தானே போட்டுக்கொண்டு வந்தாள். அளவாக இருந்தது. தோள், இடுப்பு எல்லாம் பொருந்தி, கடைச்சட்டையைப் போல நின்றது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கண்ணாடியின் முன் நெடுநேரம் நின்றாள். அல்பத்தைப் பார்த்தாள். திரும்பக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"வடிவா இருக்கு ஆன்ட்டி. தேங்க்ஸ்" என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "ஆனா அம்மாட மாதிரி இல்ல."

எங்கே பிழை என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. போனில் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. பின்னால் பட்டனா, சிப்பா என்றுகூடத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கொட்டாஞ்சேனையில் இருந்தார்.

கொட்டாஞ்சேனைக்கு ஒரு கேள்வி

"அவவிட்டக் கேக்கப் போறீரோ? வேண்டாம்" என்றார் இவர். "ஏசிப்போட்டு வைச்சிடுவா. உமக்கு மனம் நோகும்."

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். ரோஸ் சட்டையே வடிவுதானே. ஆனால் அந்தப் பிள்ளை சமாதானம் சொல்வதைப் போல எனக்கு "தேங்க்ஸ்" சொன்னது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. ஒஃபீசில் மதியச் சாப்பாட்டு நேரம், படியில் நின்று ஜெசிந்தா அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"நான் வதனி கதைக்கிறன் அக்கா. வெள்ளவத்தையில இருந்து."

 அந்தப் பக்கத்தில் குக்கர் விசிலடித்தது.

"புள்ளக்கு ஏதும் சுகமில்லையா?" குரலில் பதற்றம்.

"இல்லை இல்லை, நல்லா இருக்கிறா. ஒரு சட்டையைப் பற்றிக் கேக்க எடுத்தனான். நிரோஷினி சின்னதில போட்ட சட்டை. பின்னால பட்டனோ, சிப்போ?"

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "எந்தச் சட்டை?" என்றார். "படம் அனுப்புறன்" என்றேன். வைத்துவிட்டார்.

படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. அன்றைக்குப் பதில் இல்லை, அடுத்த நாளும் இல்லை. இவர் சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாள் காலை, பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒரு நீண்ட குரல் செய்தி வந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"பின்னால பட்டன். முத்துப் பட்டன். அது ரோஸ் இல்ல வதனி, பச்ச. குச்சியில வார எலுமிச்ச ஐஸ்பழம் இருக்கே, கொஞ்சம் உறிஞ்சினா ஒரு பச்ச வருமே, அந்தப் பச்ச. அது எனக்கு எப்பிடித் தெரியும்னா, அது என்ட சட்ட. திருவிழாக்கு எனக்குத்தான் தச்சது. எனக்கு அப்ப ஏழு வயசு, அவளுக்கு அஞ்சு. காலையில அதப் பாத்ததும் கேட்டுக்கு முன்னால விழுந்து உருண்டாளே ஒரு உருளல்! ரோட்டே கூடிட்டுது. மூத்த புள்ள நீ, குடுத்துடுன்னு அம்மா சொல்லிட்டாங்க. நான் பழைய சட்டயப் போட்டுக்கிட்டுப் போனன். அவளுக்கு அது பெரிசு. தோள் விழுது பாருங்க. அதுதான் பட்டிய இழுத்து இறுக்கிக் கட்டியிருக்கு. அந்தப் படத்துல நான் இல்லயே, கவனிச்சீங்களா? கோவத்துல உள்ளுக்கு இருந்தன்."

இந்த இடத்தில் அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. செய்தி அதோடு முடிந்தது.

என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. திரும்பவும் கேட்டேன்.

நிரோஷினி எங்கள் வீட்டுச் சுவரில் பூமாலையோடு இருப்பவர். நான் அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் பயத்தோடுதான் துடைப்பேன். ஒரு குறையும் இல்லாத ஒருவரின் இடத்துக்கு வந்துவிட்டேன் என்ற பயம். அன்றைக்குக் காலி வீதியின் ஓரத்தில் நின்றபோது முதல் தடவையாக, அக்காவின் சட்டைக்காக ரோட்டில் உருண்ட ஒரு குழப்படிக்காரப் பிள்ளையாக அவரைக் கண்டேன். அந்தப் பிள்ளையை எனக்கு நல்லாகப் பிடித்துவிட்டது.

பிழையான அளவு

பிழை எங்கே என்பதும் விளங்கியது. நான் சட்டையை அளவாகத் தைத்திருந்தேன். அந்தச் சட்டை வடிவாக இருந்ததே அளவில்லாமல் இருந்ததால்தான்.

திரும்பப் புறக்கோட்டை. "லா கொள" என்று சிங்களத்தில் கேட்டேன், இளம்பச்சை. கடைக்கார முதலாளி பத்துக் கட்டுகளை இறக்கிப் போட்டார். "கொட்டன்த?" "கொட்டன் தமாய் மிஸ்", கொட்டனேதான் என்று சத்தியம் பண்ணாத குறை. கடைசிக் கட்டில் அந்த ஐஸ்பழப் பச்சை இருந்தது. முத்துப் பட்டனும் அதே தெருவில் கிடைத்தது.

ஏழு வயதுப் பிள்ளையின் அளவில் தைத்தேன். ஆரணி போட்டுக்கொண்டு வந்தபோது கொலர் தோளைத் தாண்டி விழுந்தது, கை முழங்கைவரை வந்தது. இவர் "வளரட்டும் எண்டு தைச்சனீரோ?" என்றார். நான் பட்டியின் இரண்டு நுனியையும் அவள் கையில் கொடுத்தேன். இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். வாய் திறந்தபடியே நின்றது. "ஓம்" என்றாள். தகப்பனின் "ஓம்". கொட்டாஞ்சேனையில் அதற்கு "ஆமா" என்பார்கள். பிறகு தகப்பனிடம் ஓடிப்போய்ப் பட்டியைக் கட்டச் சொன்னாள்.

அந்தக் கோலத்தைப் படமெடுத்து ஜெசிந்தா அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு வரிப் பதில் வந்தது. "ஞாயித்துக்கிழம மாதா கோயில் திருவிழா. நீங்களும் புள்ளயும் வாங்க. அவர் இன்னொரு நாளைக்கு வரட்டும்."

திருவிழா

ஓட்டோவில் போனோம். ஆரணி சட்டையை மடியில் நீவி நீவி விட்டுக்கொண்டே வந்தாள்.  பெரியம்மாவைக் கண்டதும் அங்கேயே இருக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வது? இவருக்கு என்ன சொல்வது? அவளை வளர்த்தவரிடமிருந்து இரண்டாம் தரம் எந்த முகத்தோடு பிரித்துக் கூட்டிவருவது?

அவர் வீட்டு ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுக்கக் கடதாசிக் கொடி. ஒலிபெருக்கியில் பாட்டு. கச்சான் கடலை வறுக்கும் மணம். ஜெசிந்தா அக்கா வாசலில் நின்றார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். ஆரணி ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைக் கொஞ்சிவிட்டு, கொஞ்சம் தள்ளி நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு குனிந்து சட்டையின் கரையைத் திருப்பி உள்ளே பார்த்தார்.

"ஓவர்லொக் அடிக்கலயா? நூல் வந்துடுமே."

"என்ட மெசின்ல அது இல்லை அக்கா."

"இங்க இருக்கு. சாப்பிட்டுட்டு அடிப்பம்" என்றார். "உள்ளுக்கு வாங்க வதனி."

சாப்பிட்டோம். சோறு, இறால் குழம்பு, கத்தரிக்காய் மோஜு. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எதிர்வீட்டுப் பிள்ளை வரும்வரை.

ஆரணியைவிட ஒரு பிடி உயரம். ஊதா நிற வலைச்சட்டை. அதில் இல்லாத மினுக்கமில்லை. நடந்தால் தரையிலும் மினுங்கியது. காலி வீதியில் நாங்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டு வந்த அதே வகை. ஆரணி சோற்றுக் கையோடு எழும்பி நின்று பார்த்தாள்.

"எனக்கு அது வேணும்."

"அது அந்த அக்காட சட்டை" என்றேன்.

"எனக்கு அதுதான் வேணும்! இது வேணாம்! இது பழசு!"

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? வாசலுக்கு ஓடினாள், ஒழுங்கையில் விழுந்தாள், ஐஸ்பழப் பச்சைச் சட்டையோடு புழுதியில் உருண்டாள். கோயிலுக்குப் போன சனம் நின்று பார்த்தது. அதுவரை அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மோட்டார் சைக்கிள் ஒன்று திரும்பியது. நான் பாய்ந்து போய் அவளை அள்ளித் தூக்கினேன். உதைத்தாள். என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க கூடாத ஆன்ட்டி! எனக்கு உங்களப் பிடிக்காது!" என்று என் காதுக்குள்ளேயே கத்தினாள். கத்திக்கொண்டே என் கழுத்தைக் கட்டிப்பிடித்திருந்தாள். மூக்குச்சளி, கண்ணீர், சோறு எல்லாம் என் சேலையில். அவ்வளவு பாரமாக இருப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. தூக்கினால்தானே தெரியும்.

இறக்கிவிடவில்லை. அவளும் இறங்கவில்லை. ஒழுங்கையின் அந்தத் தொங்கலுக்கும் இந்தத் தொங்கலுக்கும் நடந்தேன். விம்மல் அடங்கி, பாரம் இன்னும் கூடியபோது திரும்பி வந்தேன். ஜெசிந்தா அக்கா படியில் இருந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தார்.

"எங்கிட்ட வந்த புதுசுலயும் இப்பிடித்தான்" என்றார் மெதுவாக. "தங்கம் மாதிரி இருந்தாள். ஒரு சத்தமில்ல. எனக்குப் பயமாப் போயிட்டுது. ஒரு நாள் தல கழுவ விடாம என் கையக் கடிச்சுட்டா. அன்னைக்கு ராத்திரிதான் நான் நிம்மதியாத் தூங்கினன்."

நான் அவர் பக்கத்தில் படியில் இருந்தேன். ஆரணி என் தோளில் நித்திரையாகிப் போனாள். அவர் அவளுடைய காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். ஓவர்லொக் அடிக்க அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை.

சட்டை எங்கே?

அந்தச் சட்டை இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அன்று ஆரணி எழும்பியதும், எதிர்வீட்டுப் பிள்ளை தன் தாயோடு வந்து நின்றாள். அவளுக்குப் பச்சைச் சட்டைதான் வேண்டுமாம். தாய்க்கு வெட்கம். எனக்குச் சிரிப்பு. இரண்டு பிள்ளைகளும் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு அது அளவாக இருந்தது. பிறகு இருவருமே திருப்பிக் கொடுக்கவில்லை. ஆரணி மினுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பெரியம்மாவோடு இருக்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் வருவோமா என்று மட்டும் கேட்டாள்.

போகிறோம். முதல் இரண்டு ஞாயிறும் நாங்கள் இருவர், பிறகு இவரும்.

இடையில் ஜெசிந்தா அக்கா போன் எடுப்பார். ஒழுங்கையில் அந்தச் சட்டை போவதைக் கண்டால் எடுப்பார். போன வாரம் இப்படி எடுத்தார்.

"சட்ட இப்ப கடைக்குப் போகுது வதனி. முன்னால கெச்சப் கறை."

"சொல்லாதேங்கோ அக்கா."

"சரி, புள்ள என்ன செய்றா?"

"அறைக்குள்ள கதவை அடிச்சுச் சாத்திப்போட்டு இருக்கிறா. கீரை சாப்பிடச் சொன்னனான்."

"அப்பாவோட கோவமா?"

"இல்லை. என்னோட."

"நல்லது" என்று சொல்லிவிட்டு வைத்தார்.